மூக்குத்தியைத் தொட்டால் பத்து ரூபாய்

எங்கள் கொல்லிமலையில் மீனுக்குப் பஞ்சமில்லை. கோயில் ஆற்றில் கூட்டம் கூட்டமாக நீந்துகின்றன. ஆனால் அவற்றுக்குப் பொரி போடுவார்களே ஒழிய, யாரும் பிடித்துத் தின்ன மாட்டார்கள். அவை சாமி மீன். தின்கிற மீன் கீழே டவுன் மார்க்கெட்டிலிருந்து, காரவள்ளியில் ஆரம்பிக்கிற எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றி, தலை கிறுகிறுத்துத்தான் மேலே வர வேண்டும். பதினெட்டு வருடம் அதைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்தவன் நான் ஒருவன்தான். கடைக்காரன் ஒருவன்தான் என்றால் அவன் சொன்னதே விலை. அத்தனை வருடமும் நான் பெரிய வியாபாரி, எனக்கு ஆளை எடைபோடத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இன்னொரு கடை இல்லாததைத்தான் நான் திறமை என்று எண்ணியிருக்கிறேன் என்பது அந்தக் கடை வந்த பிறகுதான் தெரிந்தது.

என் விலை வருகிறவரின் காலிலிருந்து தொடங்கும். ஷூ போட்ட கால் வந்தால் அது கீழிருந்து மாற்றலாகி வந்த ஆபீஸ்காரர். மத்தி கிலோ இருநூற்று இருபது. ரப்பர் செருப்பு வந்தால் இருநூறு. செருப்பே இல்லாமல், மிளகை விற்றுவிட்டு வெறும் சாக்கை மடித்துத் தோளில் போட்டபடி மலையின் ஊர்த் தொகுதிகளில் ஒன்றான திண்ணனூர் நாட்டுக்காரர் யாராவது வந்தால், நான் எழுந்து நின்று வரவேற்று இருநூற்று நாற்பது சொல்வேன். அவர் அரை மணி நேரம் பேசி இருபதைக் குறைப்பார். இருவருக்கும் ஜெயித்த மாதிரி இருக்கும். முதல் தேதிக்கு ஒரு விலை, இருபதாம் தேதிக்கு ஒரு விலை. புரட்டாசியில் விலையே கிடையாது. ஊரே விரதம் இருக்கும், விற்காத மீனை நானே தின்று தீர்ப்பேன்.

சுகாதார நிலையத்து நர்ஸம்மா மட்டும் இந்த வித்தைக்கெல்லாம் மசிய மாட்டார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஞாயிறு பூசை முடிந்த கையோடு வந்து, மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, நோயாளியின் நாக்கைப் பார்த்ததுபோல் உதட்டைப் பிதுக்குவார்.

“அண்ணாச்சி, இது எப்ப செத்துச்சு?”

“நேத்து வரைக்கும் கடல்ல நீந்திட்டிருந்ததுங்க சிஸ்டர்.”

“அப்ப வார வழியில எழுபது வளைவுலயும் வாந்தி எடுத்துத்தான் செத்துருக்கும்.”

சிரித்துக்கொண்டே ஐம்பது ரூபாயைக் குறைத்து வைத்துவிட்டுப் போவார். நானும் விட்டுவிடுவேன். மீன் தெரிந்த ஒருவர் என் கடையில் வாங்குகிறார் என்பதே எனக்கு விளம்பரம். நர்ஸம்மா வாங்கினால் அரசு ஊழியர் குடியிருப்பு முழுக்க வாங்கும்.

இப்படியிருக்க, நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடியில் அம்மிணி ஒருவர் தெர்மாகோல் பெட்டியை இறக்கி வைத்தார். பெரக்கரை நாட்டுக்காரர், மரவள்ளி போடுகிற குடும்பம், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். பெட்டிக்கு முன்னால் பள்ளிக்கூடச் சிலேட்டு ஒன்றைச் சாய்த்து வைத்து, சாக்பீஸால் எழுதினார்: மத்தி 180, கட்லா 200, பாறை 280.

மீனுக்கு விலை எழுதி வைத்ததை அன்றுதான் பார்த்தேன். வயிறு குலுங்கச் சிரித்தேன். எழுதி வைப்பதற்கு மீன் என்ன காய்ச்சல் மாத்திரையா? காலையில் ஒரு விலை, வெயில் ஏறினால் ஒரு விலை, ஈ மொய்த்தால் ஒரு விலை என்று நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிற பண்டம் அல்லவா?

“பாரு புள்ள, ஒரு மாசத்துல அந்தச் சிலேட்டையும் வித்துப்போட்டு ஊட்டுக்குப் போயிரும்” என்று என் வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

ஒரு மாதத்தில் சிலேட்டுக்கு முன்னால் வரிசை நின்றது. என்னிடம் ஒற்றை மத்திக்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டிய அதே ஆட்கள், பரீட்சை ரிசல்ட் பார்க்கிற பிள்ளைகள் மாதிரி சிலேட்டை வாசித்து, வாயைத் திறக்காமல் காசைக் கொடுத்தார்கள். அதே ஆள், அதே செருப்பு. எனக்கு மட்டும் ஏன் அத்தனை வாய்?

போதாததற்கு, போனில் பணம் போட்டால் சத்தமாகச் சொல்கிற பெட்டி ஒன்றையும் வாங்கி வைத்தார். அதற்குள் ஒரு பெண் குரல். ‘ரூபாய் முந்நூற்று அறுபது பெறப்பட்டது’ என்று பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும். நான் இந்தக் கோடியில் ஈ ஓட்டிக்கொண்டு, ‘இரண்டு கிலோ மத்தி’ என்று கணக்குப் போடுவேன். ‘ரூபாய் ஐந்நூற்று அறுபது பெறப்பட்டது.’ இரண்டு கிலோ பாறை. அந்தக் குரல் எனக்குக் கனவிலும் வந்தது. முகம் தெரியாத ஒரு பெண்ணை நான் வாழ்க்கையில் வெறுத்தேன் என்றால் அது அந்தப் பெட்டிக்குள் இருந்தவரைத்தான்.

ஒரு ஞாயிறு, அந்த வரிசையில் நர்ஸம்மா நின்றார். ஒளிந்து நின்றிருந்தாலும் மன்னித்திருப்பேன். என்னைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினார்.

“கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி! உங்ககிட்டப் பேசித் தொண்ட வலிக்கு. இங்க வாசிச்சாப் போதும்!”

அன்றைக்குப் பற்றிய தீ. ஒன்று சொல்லியாக வேண்டும்: எவ்வளவு எரிந்தாலும் மரியாதையில் நான் குறை வைக்கவில்லை. மனதுக்குள்கூட ‘அவர், இவர்’ என்றுதான் எரிந்தேன்.

அந்தத் தீ வெளியே தெரிந்த இடம் கீழே இருக்கிற மார்க்கெட். மேலே நாங்கள் விலை வைப்பதாக ஒரு தோற்றம் இருக்கிறதே தவிர, உண்மையான விலை அங்கே, விடிகிற நேரத்தில், ஈரத் தரையில் பிறக்கிறது. கடற்கரையிலிருந்து லாரி வந்ததும் பெட்டிகளை வரிசையாக இறக்குவார்கள். ஏலக்காரர் கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று கிலோவுக்கு ஒரு விலையைச் சொல்லித் தொடங்குவார். வாங்குகிறவர்கள் யாரும் வாயைத் திறப்பதில்லை. ஒருவர் புருவத்தைத் தூக்குவார். ஒருவர் பீடியை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றுவார். நான் காதைச் சொறிவேன். அந்த அம்மிணி மூக்குத்தியைத் தொடுவார். ஒரு தொடலுக்குப் பத்து ரூபாய் ஏறும். ஒரு சொறிதலுக்கும் அதே பத்து. யாருக்கு எங்கே அரிக்கும் என்பது ஏலக்காரருக்கு அத்துப்படி.

விலைக்கு அங்கே முக்கியமான சட்டம் லாரிதான். ஒரு லாரி வந்தால் விலை ஏறும், இரண்டாவது வந்தால் இறங்கும். பௌர்ணமிக்கு வலையில் மீன் குறைவு, ஏறும். கேரளத்து வியாபாரி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றால், அவரைப் பார்த்ததுமே ஏறும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: “மொதல்ல லாரிய எண்ணு. அப்பறம் மீனப் பாரு.” இன்னொரு சட்டமும் உண்டு, அதை நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை, நின்று நடத்தியே காட்டினேன். ஒரே பெட்டிக்கு இருவர் ஆசைப்பட்டால் விலை ஏறும். அந்த இருவரில் ஒருவனுக்கு மற்றவர் மேல் பொறாமை என்றால் அது இறங்கவே இறங்காது.

அம்மிணி எந்தப் பெட்டிக்கு மூக்குத்தியைத் தொடுகிறாரோ அந்தப் பெட்டி எனக்கு வேண்டும். அதில் என்ன மீன் என்பதெல்லாம் அப்புறம். ஒரு முறை எங்கள் மலையில் யாரும் தொடாத பெரிய திருக்கை ஒன்றை இப்படி ஜெயித்துக் கொண்டுவந்து, இரண்டு நாள் வீட்டில் வைத்துத் தின்றோம். ஏலக்காரருக்கு எங்கள் இருவரையும் பார்த்தாலே முகம் மலர்ந்துவிடும். எங்களை எதிரெதிராக நிறுத்துவார்.

“ரெண்டு மலையும் வந்தாச்சுங்களா? அப்ப ஆரம்பிச்சுக்கலாம்.”

என் வீட்டுக்காரி ஒரு நாள் கேட்டேவிட்டாள். “ஏனுங்க, நீங்க மீன ஏலம் எடுக்கறீங்களா, மூக்குத்திய ஏலம் எடுக்கறீங்களா?”

இந்த நிலைமையில்தான் போன ஆடியில் லாட்ஜ் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். மலைக்கு வருகிற டூரிஸ்ட் கூட்டம் முழுக்கத் தங்குகிற இடம். வாசலிலேயே நிற்கவைத்துச் சொன்னார்:

“ரெண்டு பேரும் நல்லாக் கேட்டுக்கங். வர்ற ஞாயித்துக்கெழம ஒம்பது மணிக்குப் பாறை கொண்டாங். மீனு நல்லா இருக்கோணும். ஆரு வெல கம்மியோ அவிங்ககிட்ட வாரம் முப்பது கிலோ. வருசம் பூராவும் அதே வெல. நடுவுல ஏத்தவும் கூடாது, எங்கிட்ட வந்து அழவும் கூடாது.”

வாரம் முப்பது கிலோ என்பது என் வியாபாரத்தில் பாதி. பஸ் ஸ்டாண்டை ஏற்கெனவே சிலேட்டு தின்றுவிட்டது. லாட்ஜும் போய்விட்டால் எனக்கு மிஞ்சுவது பூனைகள்தான். அவையும் சமீப காலமாக அந்தக் கோடியில்தான் படுத்துக்கிடக்கின்றன.

ஞாயிறு காலை மார்க்கெட்டுக்குப் போனதும் வழக்கம்போல் வாசலில் இருக்கிற டீக்கடைப் பக்கம் திரும்பினேன். பெஞ்சில் அம்மிணி உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ‘அவர் குடிக்கிற கடையில் இனி எனக்கு டீ எதற்கு?’ என்று முறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இத்தனை வருடத்தில் அந்தக் கடையில் டீ குடிக்காமல் ஏலத்துக்குப் போன ஒரே நாள் அதுதான்.

ஒரு லாரி வந்திருந்தது. அதில் இரண்டு பெட்டி பாறை. கண் பளபளவென்று, செவுள் செக்கச்செவேலென்று இருந்தது. ஏலக்காரர் நூற்றெண்பதில் ஆரம்பித்தார். அம்மிணி மெதுவாக வந்து எதிரே நின்று மூக்குத்தியைத் தொட்டார். நான் சொறிந்தேன். அவர் தொட்டார். நான் சொறிந்தேன். மற்றவர்கள் இருநூறிலேயே கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இருநூற்று இருபது. நாற்பது. என் காது சிவந்துபோனது. இருநூற்று அறுபதுக்கு அவர் தொட்டார். நான் இரண்டு கையாலும் சொறிந்து எழுபது ஆக்கினேன். அவர் கையை இறக்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூரையைப் பார்த்தார்.

“மலை எடுத்தாச்சு!” என்று ஏலக்காரர் கத்தினார். யாரோ கைகூடத் தட்டினார்கள்.

“எடுத்துக்கங்ண்ணா. நல்ல மீனு” என்றார் அம்மிணி.

அந்தக் குரலில் தோல்வியின் துயரம் கொஞ்சமும் இல்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். எனக்குத்தான் அப்போது கால் தரையில் இல்லையே. பெட்டிகளை வண்டியில் ஏற்றி ஐஸ் கொட்டிவிட்டு, ஜெயித்தவன் டீ குடித்தால் தப்பில்லை என்று டீக்கடைக்கு வந்தேன். கடைக்காரர் இட்லி கட்டிக்கொண்டிருந்தார்.

“ஆருக்குங்க இத்தனை இட்லி?”

“ரெண்டாவது லாரி டிரைவருக்குங்க. வழியில டயரு பஞ்சராம். அர மணி நேரத்துல வாரேன், எட்டு இட்லி கட்டி வெய்யுங்கன்னு போன் பண்ணாருங்க. அம்மிணி இங்கதான உக்காந்து கேட்டுட்டிருந்தாங்க?”

டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தேன். வாசலில் ஹாரன் கேட்டது.

உள்ளே எல்லோருடைய பெட்டியும் ஏற்கெனவே நிறைந்துவிட்டது. பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். ஏலக்காரர் தொண்டை கட்டக் கத்துகிறார். எந்தப் புருவமும் ஏறவில்லை, எந்த பீடியும் நகரவில்லை. நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அதே பாறை. அதே கண், அதே செவுள். அம்மிணி மூக்குத்தியை ஒரே ஒரு முறை தொட்டார். நூற்றுத் தொண்ணூறு.

லாரியை எண்ணு என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் அன்று மூக்குத்தியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மேலே ஏறும்போது எழுபது வளைவிலும் பின்னால் வந்த பஸ்ஸைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். பஸ்ஸின் கூரையில் அவருடைய பெட்டி. ஐஸ் தண்ணீர் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. என் வண்டிதான் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தது. மீனின் விலை, ஐஸ், டீசல், என் மிச்சம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் முந்நூற்றுப் பத்துக்குக் குறைந்து கொடுக்க வழியில்லை.

ஒன்பது மணிக்கு லாட்ஜ் வாசலில் இருவருடைய பெட்டியையும் திறந்து வைத்தோம். மேனேஜர் ஆள்காட்டி விரலால் குத்திப் பார்த்தார், இரண்டும் ஒன்றுதான்.

“அம்மிணி, நீங்க சொல்லுங்.”

“எரநூத்தி நாப்பதுங்க.”

“நீங்க?”

முந்நூற்றுப் பத்து என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதுதான் நியாயம். அதற்காகத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அம்மிணி சாதாரணமாக, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், கையைத் தூக்கி மூக்குத்தியைச் சரிசெய்தார்.

“எரநூத்தி முப்பத்தஞ்சு!” என்றது என் வாய்.

“அவ்வளவுதான். முடிஞ்சுது” என்றார் மேனேஜர். “வருசம் பூரா எரநூத்தி முப்பத்தஞ்சு. சொன்ன சொல்லு மாறக்கூடாது.”

வெளியே வந்ததும் அம்மிணி என்னோடு வாசல் கேட் வரை நடந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்ண்ணா, எரநூத்தி எழுவதுக்கு எடுத்து எரநூத்தி முப்பத்தஞ்சுக்குக் குடுக்கறீங்களே, இது எந்த ஊரு யாவாரமுங்?”

“ஏலம் அத்தனைக்கு ஏறிப்போச்சுங், நான் என்ன பண்றதுங்?”

“ஏத்திவுட்டதே நாந்தானுங்களே.”

பேசுவதற்கு இருந்த ஒரே சொல்லையும் உள்ளே மேனேஜரிடம் கொடுத்துவிட்டேன். அம்மிணிதான் பேசினார்.

“மூணு வருசமா நான் என்ன தொட்டாலும் நீங்க ஏத்தறீங். நான் எடுத்த பொட்டிக்கெல்லாம் உங்க காதுக்குன்னு பத்து இருவது சேத்துக் குடுத்துட்டிருக்கறனுங். இன்னைக்கு ஒரு தடவ அதத் திருப்பிப் போட்டுப்போட்டேன், அவ்வளவுதானுங். இனிமே ஒண்ணு செய்யலாம். நீங்க உள்ளயே வராதீங். வெளிய வண்டியில உக்காந்துக்கங். ரெண்டு பேருக்கும் சேத்து நானே எடுத்துப் போடறேன். அதுக்குப் பதிலா எம்பொட்டியையும் உங்க வண்டியில மேல சேத்துப்போடுங். நாத்தம் தாங்கலீன்னு கண்டக்டரு மொணங்கறாருங்.”

“உங்க மீன நான் சொமக்கோணுமா?”

“எரநூத்தி முப்பத்தஞ்சையும் நீங்கதானுங்ண்ணா சொமக்கோணும்.”

சரி என்பதைத் தவிர வேறு எந்த விலையும் என் கையில் இல்லை.

இதோ, ஆடி மறுபடி வரப்போகிறது. ஒவ்வொரு ஞாயிறும் நான் மார்க்கெட் வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறேன். என் முகம் உள்ளே தெரிந்தால் கிலோவுக்கு இருபது ஏறும் என்பதால் எனக்குப் போக அனுமதியில்லை. நான் உள்ளே போகாத முதல் வாரமே பாறை இருநூறைத் தாண்டவில்லை. லாட்ஜுக்குக் கொடுத்துவிட்டு, டீசலும் போட்டு, மிச்சமும் பார்க்கிறேன். ஏலக்காரர்தான் பாவம், இளைத்துவிட்டார். போன மாதம் வண்டி ஜன்னலில் வந்து தலையை நீட்டினார்.

“மலை, ஒரு நடை உள்ள வந்துட்டுப் போங். ஒண்ணும் எடுக்க வேண்டாம், சும்மா எதிர்ல நின்னாப் போதுமுங். டீ நான் வாங்கித் தாரேன்.”

இதனால் எனக்குப் பொறாமை தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். கூடியிருக்கிறது. முன்பு அவர் விற்பதைப் பார்த்து மட்டும்தான் எரிந்தேன். இப்போது அவர் வாங்குவதைப் பார்த்தும் எரிகிறேன். போதாததற்கு, நானும் ஒரு சிலேட்டு வாங்கி வைத்துப் பார்த்தேன். மத்தி 200 என்று அழகாக எழுதினேன். முதல் ஆளாக நர்ஸம்மாவே வந்தார். குனிந்து நிதானமாக வாசித்தார்.

“இருநூறுன்னு போட்டிருக்கு அண்ணாச்சி. சரி, கடைசியா எவ்வளவு?”

அந்தக் கோடியில் எழுதியது விலை. இந்தக் கோடியில் எழுதியது பேச்சுக்கு ஆரம்பம். சாக்பீஸ்கூட ஒரே கடையில் வாங்கியதுதான்.

போன ஞாயிறு அம்மிணி நான்கு பெட்டியோடு வெளியே வந்தார். வண்டியில் ஏற்றும்போது, கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

“பாறை எத்தனைக்குங்?”

“நூத்தி எழுவத்தஞ்சுங்ண்ணா.”

இத்தனை வருடத்தில் அந்த விலைக்கு நான் பாறையை எடுத்ததே இல்லை. அது எனக்கும் சேர்த்து எடுத்த மீன், எனக்கும் சேர்த்துக் கிடைத்த லாபம். இருந்தும் வயிறு எரிந்தது. பெட்டியிலிருந்து ஒரு துண்டு ஐஸை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். மீன் வாடைதான் அடித்தது. ஊர் வாய்க்குப் பயந்து அவர் எப்போதும்போல் பஸ்ஸில் வந்தார். அவர் பெட்டிகளும் சிலேட்டும் மட்டும் என்னோடு.

காரவள்ளி தாண்டி முதல் வளைவில் திரும்பும்போது சிலேட்டு நழுவி என் மடியில் விழுந்தது. அன்றைய விலையை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். எல்லா மீனுக்கும் என் சிலேட்டில் இருந்ததைவிடப் பத்து ரூபாய் குறைவு.

ஓட்டிக்கொண்டே ஒரு விரலை உருகிய ஐஸ் தண்ணீரில் தொட்டுக்கொண்டேன். அழித்துவிட்டு வேறு எழுதினால் யாருக்குத் தெரியும்? இரண்டாம் வளைவு, மூன்றாம் வளைவு, பத்தாம் வளைவு. எழுபது வளைவும் விரலை நனைப்பதும் காயவிடுவதுமாகவே வந்தேன். பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, அவர் சாமானை அந்தக் கோடியில் இறக்கி, சிலேட்டை அவர் வைக்கிற மாதிரியே சாய்த்து வைத்தேன். அப்புறம் என் கடைக்கு வந்து, நனைந்த விரலால் என் சிலேட்டை அழித்து, எல்லாவற்றிலும் பத்து ரூபாயைக் குறைத்து எழுதினேன்.

நர்ஸம்மா வந்தார். வாசித்தார். அந்தக் கோடியையும் ஒரு முறை எட்டிப் பார்த்தார்.

“அங்கயும் இதே விலதான் போட்டிருக்கு அண்ணாச்சி” என்றார். “கடைசியா எவ்வளவு?”